லான் லெவலிங்: மணலை அளக்கத் தெரிந்தவருக்கு ரேட் கூடும்

தோட்டப் பராமரிப்புத் தொழிலில் புல் வெட்டவும் தண்ணீர் பாய்ச்சவும் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஈ.சி.ஆர். வில்லாவோ, ஓ.எம்.ஆர். ஐ.டி. வளாகமோ, கோவை கேட்டட் கம்யூனிட்டியோ, மாதாந்திர மெயின்டெனன்ஸ் கான்ட்ராக்ட் என்றால் நாலு கொட்டேஷன் வந்து விழும். யார் ரேட்டைக் குறைத்தாரோ அவருக்கு வேலை. அடுத்த வருடம் அவரைவிடக் குறைத்தவருக்கு. இந்த வரிசையில் நின்றுகொண்டே முன்னேற முடியாது. பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாத ஒரு வேலை உங்கள் கையில் இருக்க வேண்டும். மேடுபள்ளமான லானை மணல் போட்டு மட்டமாக்குவது அப்படிப்பட்ட வேலை.

ஏன் இதைச் சொல்கிறேன்? முதலீடு குறைவு. ரிசல்ட் கண்ணுக்குத் தெரியும். வீட்டுக்காரர் தினமும் மிதிக்கிற தரை அது. அதில் வந்த மாற்றத்தை அவர் காலே அவருக்குச் சொல்லிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வேலையை ஒழுங்காகச் செய்பவர்கள் குறைவு. பெரும்பாலானவர்கள் ஒரு லோடு மணலைக் கொட்டி, ரேக்கால் இழுத்துவிட்டு, அன்றைக்கே பணம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒரு மாதத்தில் பாதிப் புல் மூச்சுத் திணறிச் செத்திருக்கும். அந்த வீட்டுக்காரர்தான் உங்கள் அடுத்த கஸ்டமர்.

நர்சரி வைத்திருப்பவர், லேண்ட்ஸ்கேப் கம்பெனியில் சூப்பர்வைசராக இருப்பவர், தோட்டக்கலை படித்துவிட்டு முதல் வேலை தேடுபவர் மூவருக்குமே இது பொருந்தும்.

முதலில் ஒரு விஷயம். “புல்லுக்கு மேலே மணலா?” என்று எல்லா ஓனரும் கேட்பார். தயங்காமல் பதில் சொல்லுங்கள். டாப் டிரெஸ்ஸிங் என்ற இந்த முறை கோல்ஃப் மைதானங்களிலிருந்து வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தைப் பராமரித்த ஓல்டு டாம் மோரிஸ் மணலைப் பரப்பியே புல்லைத் திடமாக்கினார். அமெரிக்க கோல்ஃப் சங்கமான யு.எஸ்.ஜி.ஏ. 1960-இல் வெளியிட்ட கிரீன் அமைப்பு முறைக்கு அடிப்படையே மணல்தான். 2017-இல் பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்தில் மழைநீரை உறிஞ்சி எடுக்கும் சப்ஏர் சிஸ்டம் வந்தபோது அவுட்ஃபீல்டையும் மணல் தரையாக மாற்றினார்கள். கிரிக்கெட் பார்க்கிற ஓனர் என்றால் இந்தக் கடைசி உதாரணம் போதும். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடியுங்கள், லெக்சர் வேண்டாம்.

1. சைட் விசிட்டில் காரணத்தைப் பிடியுங்கள்

பள்ளத்தைப் பார்த்ததும் மணல் கணக்குப் போடுகிறவர் கூலியாள். பள்ளம் ஏன் வந்தது என்று கேட்கிறவர் கன்சல்டன்ட். ரேட் வித்தியாசம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

நீளமாக, நேர்க்கோட்டில் பள்ளம் ஓடுகிறதா? கீழே பைப்லைனோ கேபிளோ புதைத்திருப்பார்கள். தோண்டிய மண்ணைத் திமிசு போடாமல் மூடியதால் அமுங்கியிருக்கிறது. பைப் கசிந்தாலும் இதே மாதிரிதான் தெரியும், ஆனால் அங்கே புல் மட்டும் அதிகப் பச்சையாக இருக்கும். கசிவை நிறுத்தாமல் மணல் போட்டால் மணலும் சேர்ந்து உள்ளே போகும். வட்டமாக ஓரிடத்தில் மட்டும் குழி என்றால், முன்பு அங்கே மரம் இருந்ததா என்று கேளுங்கள். வெட்டிய மரத்தின் வேர்க்கட்டை மண்ணுக்குள் மக்க மக்க, மேலே தரை இறங்கும். காம்பவுண்டு சுவர் ஓரமாகத் தரை உள்வாங்கியிருந்தால் பெருச்சாளி வளையைத் தேடுங்கள். புது வில்லாவில் லான் முழுக்க அலை அலையாக இருந்தால், பில்டர் கட்டட இடிபாடுகளைப் போட்டு மேலே அரை அடி செம்மண்ணைத் தூவி, அதன்மேல் புல் பத்தையை விரித்திருப்பார்.

மழைக்காலத்தில் சின்னச் சின்ன மண் உருண்டைகள் காலில் குத்துகின்றனவா? அது மண்புழு எச்சம். அதற்கு லெவலிங்கே வேண்டாம்; காய்ந்தபின் துடைப்பத்தால் கலைத்துவிடச் சொல்லுங்கள். அன்றைக்கு ஒரு ரூபாய் கிடைக்காது. ஆனால் தேவையில்லாத வேலையை வேண்டாம் என்று சொன்ன ஆள் என்று உங்கள் பெயர் அந்தத் தெருவில் நிற்கும். அந்த விளம்பரத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

இன்னொரு கண்ணி கொரியன் கிராஸ். மெல்லிய இலை கொண்ட இந்த ஜோய்சியா வகையை வெட்டாமல் விட்டால் தானாகவே மெத்தை மெத்தையாக மேடு கட்டும். தரை மட்டமாகத்தான் இருக்கும், மேடுபள்ளம் புல்லில் இருக்கும். கையை உள்ளே விட்டு மண்ணைத் தொட்டுப் பார்க்காமல் கொட்டேஷன் கொடுக்காதீர்கள்.

2. கண்ணால் மதிப்பிடாதீர்கள், அளந்து எழுதுங்கள்

காலை ஏழு மணிக்குள் அல்லது மாலை ஐந்தரைக்கு மேல் போங்கள். சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு பள்ளமும் நிழல் காட்டும். நடுப்பகலில் போனால் எல்லாம் சமமாகத்தான் தெரியும். தண்ணீர் பாய்ச்சச் சொல்லி, எங்கே தேங்குகிறது என்று பார்த்து, அந்த இடங்களைக் கோலமாவால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

அதன்பின் இரண்டு முளை அடித்து நூல் கட்டுங்கள். கொத்தனார் வைத்திருக்கிற ட்யூப் லெவலே போதும். லேசர் கருவி பிறகு வாங்கலாம். நூலிலிருந்து தரை வரை மூன்று அடிக்கு ஒரு அளவு எடுத்து நோட்டில் எழுதுங்கள். ஓனர் பார்க்கும்படி எழுதுங்கள். அளவெடுப்பவரிடம் பேரம் பேசக் கொஞ்சம் யோசிப்பார்கள்.

மட்டம் என்றால் ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்பது என்று நினைத்துவிடாதீர்கள். லானுக்கு வாட்டம் வேண்டும். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக 10 அடிக்குச் சுமார் ஒன்றேகால் முதல் இரண்டரை அங்குலம் இறங்க வேண்டும். வாட்டம் இல்லாமல் அழகாக மட்டம் செய்து கொடுத்தால், ஐப்பசி மழையில் தண்ணீர் போர்ட்டிகோவுக்கு வரும், போன் உங்களுக்கு வரும்.

3. பள்ளத்தின் ஆழம்தான் முறையைத் தீர்மானிக்கும்

ஒரு அங்குலம் வரை இருந்தால் மணல், அதுவும் தவணை தவணையாக. ஒரு தடவைக்குக் கால் அங்குலம், மிஞ்சினால் அரை அங்குலம். புல்லின் நுனி மணலுக்கு மேலே தெரிய வேண்டும். இலை வெயிலைப் பார்த்தால்தான் வேர் பிழைக்கும்.

அதைவிட ஆழமான குழிக்கு மணலை மறந்துவிடுங்கள். மண்வெட்டியால் ‘எச்’ வடிவில் புல்லை வெட்டி, இரண்டு பக்கமும் கதவு திறப்பதுபோல் பத்தையை மடக்குங்கள். அடியில் அதே தோட்டத்து மண்ணைப் போட்டு, காலால் மிதித்து இறுக்கி, பத்தையை மூடுங்கள். அமுங்குவதற்கு இடம்விட்டுச் சுற்றுத் தரையைவிட ஒரு நூல் உயரமாக வையுங்கள். மேட்டுக்கும் இதே வேலைதான்: பத்தையைத் தூக்கி, அடிமண்ணைச் சுரண்டி எடுத்து, மூட வேண்டும். ஒரு மேட்டுக்காக லான் முழுவதையும் மணலால் உயர்த்துபவர் கஸ்டமர் பணத்தைக் கரைக்கிறார்.

4. மணல்: இங்கேதான் நிபுணர் தெரிவார்

இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள். லெவலிங் தோற்ற இடங்களில் பெரும்பாலும் தோற்றது மணல்.

உங்களுக்குத் தேவை கால் மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை பருமனுள்ள, கழுவிய மணல். அதைவிடப் பெரியது புல்லுக்குள் இறங்காமல் மேலே நின்று மெஷின் பிளேடைக் கெடுக்கும். அதைவிடச் சிறியது துளைகளை அடைத்துத் தரையை இறுக்கிவிடும்.

கடற்கரை மணலைத் தொடாதீர்கள். உப்பு புல்லைக் கருக்கும், அள்ளுவதும் சட்டப்படி குற்றம். ஆற்று மணல் இந்த வேலைக்கு அருமையானதுதான், ஆனால் பில்லோடு கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். ஆற்றை அழித்து அள்ளிய மணலில் ஒரு வீட்டுப் புல்வெளி மட்டமாக வேண்டியதில்லை. தவிர, கணக்கில் வராத லோடு கஸ்டமர் வாசலில் பிடிபட்டால் உங்கள் பிசினஸ் அன்றோடு முடிந்தது.

மிஞ்சுவது எம்-சாண்ட். இதில் கவனம் தேவை. கல்லை உடைத்துச் செய்வதால் இதில் நுண்தூள் அதிகம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 383, உடைகல் மணலில் 150 மைக்ரானுக்குக் கீழான தூள் 20 சதவீதம் வரை இருக்க அனுமதிக்கிறது. கான்கிரீட்டுக்கு அது சரி. லானுக்கு ஆகாது, இரண்டு தடவை தண்ணீர் பாய்ச்சியதும் மேலே பொருக்குத் தட்டிவிடும். எனவே கழுவிய எம்-சாண்ட் என்று கேட்டு வாங்குங்கள், வந்ததும் சலியுங்கள். பூச்சு வேலைக்கான பி-சாண்ட் இன்னும் பொடி, அது வேண்டாம். சின்ன லான், தாராளமான பட்ஜெட் என்றால் நீச்சல் குளத்து ஃபில்டருக்கு விற்கிற தரம் பிரித்த சிலிக்கா மணலைக் கேட்டுப் பாருங்கள்.

லோடு இறக்குவதற்கு முன் பாட்டில் டெஸ்ட் செய்யுங்கள். கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மணல், மீதி தண்ணீர். நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் உட்காரும். வண்டல் உட்காரச் சில மணி நேரம் ஆகும். களி இருந்தால் மறுநாளும் தண்ணீர் கலங்கலாகவே நிற்கும். அதனால் முந்தைய நாளே குவாரியிலிருந்தோ டீலரிடமிருந்தோ சாம்பிள் வாங்கி வைத்துப் பாருங்கள். மணலுக்கு மேல் படிந்த அடுக்கு மொத்த உயரத்தில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் அந்த லோடை எடுக்க மாட்டேன். இந்த டெஸ்ட்டை ஓனர் முன்னால் செய்யுங்கள். உங்கள் கொட்டேஷன் ஏன் கூடுதல் என்பதற்கு வேறு விளக்கமே தேவைப்படாது.

“களிமண்ணில் மணல் சேர்ந்தால் செங்கல் ஆகிவிடும்” என்று யாராவது சொல்வார்கள். களிமண்ணைக் கொத்தி அதில் கொஞ்சம் மணலைக் கலந்தால் அந்தப் பயம் நியாயம். நாம் கலப்பதில்லை, மேலே மெல்லிய படலமாகப் போடுகிறோம், புல் அதன் வழியாக ஏறி வருகிறது. கரிசல் மண் மட்டும் தனிக் கேஸ். கோடையில் வெடித்து மழையில் உப்பும் அந்த மண்ணில் நிரந்தர மட்டம் கிடையாது. அதை முதல் நாளே சொல்லி, வருடத்துக்கு ஒரு தடவை லெவலிங் என்று ஏ.எம்.சி. போடுங்கள். நேர்மையான பேச்சு, நிலையான வருமானம்.

மட்கிய உரம் கலக்கலாமா? மணலில் சத்து கிடையாது, எனவே கொஞ்சம் கலப்பதில் தவறில்லை. சலித்த உரம் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். உரம் மக்கி மறையும், அது மறைந்த அளவுக்குத் தரை மறுபடி இறங்கும். அடுத்த வருடமும் அதே மணலையே போடுங்கள். வேறு பருமனுள்ள மணல் மேலே விழுந்தால் அடுக்கு கட்டி நீர் இறங்காது. டீலர் பெயர், தேதி எழுதி ஒரு பாட்டில் சாம்பிள் எடுத்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

5. கணக்கை மனப்பாடம் செய்யுங்கள்

கால் அங்குலக் கனத்துக்குச் சதுர அடியை 48-ஆல் வகுங்கள். அரை அங்குலத்துக்கு 24-ஆல். விடை கன அடியில் வரும். 1,200 சதுர அடி லானுக்குக் கால் அங்குலம் போட 25 கன அடி, அதாவது கால் யூனிட். காய்ந்த மணல் கன அடிக்குச் சுமார் 45 கிலோ என்றால் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல். சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேருங்கள். இதை ஓனர் முன்னால் வாய்க்கணக்காகச் சொல்லிப் பாருங்கள். “ஒரு லோடு ஆகும் சார்” என்று சொன்ன போட்டியாளர் அந்த நிமிடமே பின்தங்கிவிடுவார்.

6. புல்லும் காலமும்

நம் ஊர் லான் புற்கள் வெயில் காலத்தில் வேகமாக வளர்பவை. பெர்முடா என்று விற்பது வேறொன்றுமில்லை, நம் அருகம்புல் இனம்தான். தரைமேல் ஓடும் தண்டும் மண்ணுக்குள் ஓடும் தண்டும் இரண்டும் அதற்கு உண்டு. எனவே மணல் மூடினாலும் துளைத்து வந்துவிடும். பஃபல்லோ கிராஸுக்குத் தரைமேல் தண்டு மட்டுமே. அதை ஒட்ட வெட்டினாலும் அதிகம் மூடினாலும் போய்விடும், கால் அங்குலத்தோடு நிறுத்துங்கள்.

சென்னைப் பக்கம் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை சரியான காலம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும்முன் புல் மணலைப் பிடித்துக்கொள்ள ஆறு வாரமாவது வேண்டும். தீபாவளிக்கு வீட்டை அழகாக்க வேண்டும் என்று செப்டம்பர் கடைசியில் கூப்பிடும் கஸ்டமரிடம், பொங்கல் கழித்துச் செய்து தருகிறேன் என்று சொல்லும் தைரியம் வேண்டும்.

7. வேலை நாள்

முந்தைய நாளே புல்லைக் கட்டையாக வெட்டி, காய்ந்த சருகை ரேக்கால் வாரி எடுத்துவிடுங்கள். தரை இறுகியிருந்தால் முள்கரண்டியால் நாலு அங்குல ஆழத்துக்குத் துளை போடுங்கள். மணல், புல் இரண்டும் காய்ந்திருக்க வேண்டும். ஈர மணல் கட்டி கட்டியாக உட்காரும், எனவே தார்பாய் போட்டு மூடி வையுங்கள்.

காலை ஆறு மணிக்குத் தொடங்குங்கள். மணலை ஒரே குவியலாகப் புல்மேல் கொட்டாமல், பாண்டில் எடுத்து நாலைந்து அடிக்கு ஒரு சிறு குவியலாக வையுங்கள். லெவலிங் ரேக் இருந்தால் சரி, இல்லையென்றால் ஆறடி மட்டப்பலகையில் கயிறு கட்டி இரண்டு பேர் இழுங்கள். முதலில் நீளவாக்கில், பிறகு குறுக்கே. மேட்டில் பலகை தானாகச் சுரண்டும், பள்ளத்தில் தானாக நிரப்பும். கடைசியில் தென்னந்துடைப்பத்தால் பெருக்கி மணலைப் புல்லின் இடுக்கில் இறக்குங்கள். நுனி தெரியாத இடம் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

தண்ணீரை மெல்லிய தூறலாக விடுங்கள். ஹோஸை அழுத்திப் பிடித்தால் அரை நாள் வேலை ஓரத்துக்கு ஓடிவிடும். மறுவாரம் 1,000 சதுர அடிக்கு ஒரு கிலோவுக்கு மிகாமல் யூரியா தூவி உடனே நீர் பாய்ச்சலாம். இரண்டாவது படலம், முதல் படலத்தைப் புல் முழுக்க மூடிய பிறகுதான். நல்ல வளர்ச்சி இருந்தால் நாலிலிருந்து ஆறு வாரம். மணல் போட்ட பிறகான முதல் வெட்டில் பிளேடு மழுங்கும். சாணை பிடிக்கும் செலவை முன்கூட்டியே ரேட்டில் சேருங்கள்.

இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்: எம்-சாண்ட் சலிக்கும்போது மாஸ்க் கட்டாயம். உடைகல் தூளில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. கைக்குட்டை கட்டினால் போதாது, என்-95 வாங்கிக் கொடுங்கள். உங்களிடம் வேலை பார்க்கும் அண்ணனுக்கும் அக்காவுக்கும் அது கம்பெனிச் செலவு, கூலியில் பிடிக்காதீர்கள்.

8. கஸ்டமரின் மூன்றாம் நாள் பயம்

வேலை முடிந்த மூன்றாவது நாள் போன் வரும். “என்னங்க, லானே காணோம், வெறும் மணலாக இருக்கே?” இந்த அழைப்பை வரவிடாமல் செய்வதுதான் புரொஃபஷனல் வேலை. முன்பு செய்த லானின் முதல் நாள், பத்தாம் நாள், முப்பதாம் நாள் போட்டோக்களை அட்வான்ஸ் வாங்கும்போதே காட்டுங்கள். “முதல் இரண்டு வாரம் மணல் நிறத்தில் இருக்கும், குழந்தைகள் விளையாட வேண்டாம்” என்று கொட்டேஷனிலேயே எழுதுங்கள். வீட்டில் தோட்டத்தைத் தினமும் பார்ப்பது பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோதான். கையெழுத்துப் போட்டவரிடம் சொன்னதை அவர்களிடமும் ஒரு தடவை உட்கார்ந்து சொல்லுங்கள். வாட்ச்மேனுக்குத் தண்ணீர் விடும் நேரத்தைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

மாதச் சம்பளத்தில் இருப்பவரா? அப்படியானால் போட்டோ மட்டும் போதாது. அளவு நோட்டை எடுங்கள். “ஆழமான பள்ளம் 25 மில்லிமீட்டர் இருந்தது, இரண்டு ரவுண்டுக்குப் பிறகு 8” என்று ஒரு பக்க ரிப்போர்ட் மேனேஜருக்கு அனுப்புங்கள். லான் நன்றாக இருக்கிறது என்ற வார்த்தை அப்ரைசலில் எடுபடாது, எண் எடுபடும். இன்டர்வியூவுக்குப் போகிற தோட்டக்கலைப் பட்டதாரிக்கும் இதே ஒரு பக்கம் சர்டிஃபிகேட்டோடு சேர்ந்து பேசும்.

9. ரேட்

சதுர அடிக் கணக்கில் ஒட்டுமொத்தமாகச் சொல்லாதீர்கள். மணல், கூலி, சலிப்பு, இரண்டாவது விசிட் என்று பிரித்து எழுதுங்கள். போட்டியாளரைக் குறை சொல்ல வேண்டாம்; அவருடைய கொட்டேஷனில் இரண்டாவது விசிட் இருக்கிறதா என்று மட்டும் கஸ்டமரைக் கேளுங்கள். பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: மணல் இறங்கும்போது பாதி, முதல் படலம் முடிந்ததும் கால் பங்கு, இரண்டாவது படலம் முடிந்து நூல் பிடித்து அளந்து காட்டியதும் மீதி. அந்த இரண்டாவது விசிட்டின் தேதியை முதல் பில்லிலேயே எழுதி, ஓனரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.